நாலு கொலை செய்தும் உங்கள் வில்லனை ஏன் யாரும் வெறுக்கவில்லை?

நீங்கள் கேட்டது இது. வேலூரைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுதுகிறீர்கள், வில்லன் பாலாற்றில் மணல் அள்ளுகிறவன், நாலு கொலை செய்கிறான், தடுக்க வந்த தாசில்தாரை லாரி ஏற்றிச் சாகடிக்கிறான். ஆனால் படித்த நண்பர்கள் எல்லாரும் "ஆளு கெத்தா இருக்கான்" என்கிறார்கள், ஒருவருக்கும் அவன்மேல் வெறுப்பு வரவில்லை. என்ன செய்வது?

முதலில் உங்கள் நண்பர்கள் சொன்னதை நம்புங்கள். அவர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். அவனுக்கு நீங்கள் கொடுத்திருப்பதைப் பாருங்கள்: வெள்ளை வேட்டி, பின்னால் நாலு கார், யாருக்கும் அடங்காத பேச்சு, அத்தியாயத்துக்கு ஒரு பஞ்ச் வசனம். நம்மில் முக்கால்வாசிப் பேர் ஆபீசிலும் ரேஷன் கடையிலும் பேங்கிலும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவர்கள். யாருக்கும் பயப்படாத ஒருவனைக் காட்டினால் மனசு அவன் பக்கம்தான் சாயும், அவன் எவ்வளவு அக்கிரமம் செய்தாலும். தாசில்தார் செத்ததும் அவனுக்குத்தான் லாபம். அந்த மனிதர் யார், அன்று காலையில் வீட்டில் என்ன பேசினார், திரும்பி வரும்போது யாருக்கு என்ன வாங்கி வருவதாகச் சொன்னார், ஒன்றும் நமக்குத் தெரியாது. ஒரு பக்கத்தில் வந்தார், அடுத்த பக்கத்தில் செத்தார். அவர் சாவு வில்லனுடைய பலத்துக்குச் சான்றிதழ் ஆகிவிட்டது.

வில்லனை இன்னும் கொடூரமாக ஆக்கினால் வெறுப்பு வரும் என்று நினைத்து நாலு கொலையை எட்டு ஆக்கிவிடாதீர்கள். வாசகருக்கு முதலில் வேறு யார் மேலாவது பிரியம் வந்திருக்க வேண்டும். அந்தப் பிரியத்தின் மேல் கை வைக்கிறவனைத்தான் அவர் வெறுப்பார். நான் சொல்ல வருவது மொத்தமும் இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது.

இதை நான் கற்றுக்கொண்டது கூத்தில். நான் பிறந்தது குடியாத்தம், அம்மா பிறந்த ஊர் செய்யாறு பக்கம். வட ஆற்காடு ஜில்லாவை 1989-இல் இரண்டாகப் பிரித்தார்கள், 2019-இல் வேலூரை மறுபடி மூன்றாக்கினார்கள், ஆனால் பாரதக் கூத்து பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் ஒரே ஜில்லாதான். திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊரில் அக்னி வசந்த விழா வைத்தால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில் (சூதாட்டமும் துகிலுரிப்பும்), அர்ச்சுனன் தபசு, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கதை. கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி.

படுகளத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றால் நாவலை ஒரு மாதம் நிறுத்தி வைத்துவிட்டு, இந்தப் பக்கம் எந்த ஊரில் திருவிழா என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள். ஊருக்கு வெளியே திறந்த வெளியில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள், ஒரு வீட்டு நீளத்துக்கும் அதிகமாக இருக்கும், முறைத்த கண், முறுக்கிய மீசை. துரியோதனன் வேஷக்காரரும் பீமன் வேஷக்காரரும் அந்த உடம்பின் மேலேயே ஏறி ஓடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் பீமன் தொடையில் அடிப்பார், அங்கே ஒளித்து வைத்திருக்கும் சிவப்புத் தண்ணீர் ரத்தமாகப் பீறிடும், அதைத் தொட்டு அம்மன் கூந்தலை முடிப்பாள். அந்த நேரத்தில் துடைப்பமும் முறமுமாக அடி விழுகிற ஊர்கள் உண்டு. எங்கள் பாட்டி ஊரில் பெண்கள் துடைப்பத்தை வீட்டிலிருந்தே கொண்டு வருவார்கள். எட்டு வயதில் நான் பார்த்தபோது பாட்டியும் ஓங்கி ஓங்கி அடித்தாள். அவள் கோழிக்குஞ்சைக்கூட விரட்டி அடிக்காதவள்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? துரியோதனன் பதினெட்டு நாள் போரில் எத்தனை பேர் சாகக் காரணமானான் என்று யாரும் அங்கே கணக்குப் பார்க்கவில்லை. பாட்டி அடித்தது ஒரே ஒரு காரியத்துக்காக: ஒரு பெண்ணை மயிரைப் பிடித்து இழுத்து வரச் சொன்னான், சபை நடுவில் தன் தொடையைத் தட்டிக் காட்டினான். பகடை துகில் நடந்த ராத்திரியிலிருந்து படுகளம் வரைக்கும் இடையில் எத்தனை ராத்திரி போனாலும் அம்மன் தலைவிரி கோலமாகவே இருக்கிறாள். முடியாத அந்தக் கூந்தலை ஒவ்வொரு ராத்திரியும் பார்த்துப் பார்த்து வட்டியும் முதலுமாக ஏறிய கோபம் அது. உங்கள் நாவலில் அப்படித் தலைவிரித்து நிற்கிற ஒன்று இருக்கிறதா? ஒரு பூட்டிய வீடு, பாதியில் நின்ற ஒரு படிப்பு, ஒருத்தி கழுத்தில் தாலிச்சரடு மட்டும் மிச்சம், எதுவாகவும் இருக்கலாம். வில்லன் செய்தது ஒரு தடவைதான், ஆனால் செய்ததன் தழும்பு பக்கத்துக்குப் பக்கம் வாசகர் கண்ணில் பட வேண்டும்.

அதே பகடை துகிலில் இன்னொரு பாடமும் இருக்கிறது. துச்சாதனன் வேஷம் கட்டுகிறவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார், கற்பூரமும் ஏற்றுவார்கள். வேஷம்தான், எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அவருக்கே கை வராது. எழுதும்போது உங்களுக்கும் அந்த இடம் வர வேண்டும் என்று நினைக்கிறேன். தாசில்தார் மேல் லாரி ஏற்றியபோது உங்கள் கை கொஞ்சமாவது தயங்கியதா? தயங்காமல் எழுதியிருந்தால் படிக்கிறவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அப்புறம் அந்தச் சபை. பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், பெரியவர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். துச்சாதனன் தனியாக ஒரு காட்டில் அதைச் செய்திருந்தால் அவன் வெறும் முரடன். நாலு நல்லவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்ததால்தான் வயிறு எரிகிறது. உங்கள் வில்லனின் கெட்ட காரியங்கள் எல்லாமே ராத்திரியில் ஆற்றங்கரையில் நடக்கின்றன. ஒன்றையாவது பகலுக்குக் கொண்டு வாருங்கள், கல்யாண மண்டபத்துக்கோ பஞ்சாயத்துக்கோ. வாசகர் மதிக்கிற ஒருவர் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வாட்ச்சையும் பார்த்துவிட்டு, பேச்சை மாற்ற வேண்டும்.

அளவைப் பற்றி ஒன்று. நல்லதங்காள் கதை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், அண்ணன் ஊரில் இல்லை, அண்ணி மூளி அலங்காரி இருக்கிறாள். அவள் கத்தி எடுத்தாளா, விஷம் வைத்தாளா? சமைக்க ஓட்டைப் பானையையும் எரிக்கப் பச்சை வாழைமட்டையையும் கொடுத்தாள். அவ்வளவுதான். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். இந்தக் கதையைக் கேட்கிற பெண்கள் மூளி அலங்காரியைத் திட்டுகிற மாதிரி ராவணனைத் திட்டி நான் கேட்டதில்லை. ராவணனை அவர்கள் நேரில் பார்த்ததில்லை. பசியோடு வந்தவளுக்கு ஈர விறகைக் கொடுத்துவிட்டு 'நான்தான் கொடுத்தேனே' என்று சொல்லக்கூடியவளைப் பார்த்திருக்கிறார்கள், சில பேருக்கு அவள் ஒரே வீட்டிலேயே இருக்கிறாள்.

இனி என் வீட்டுக் கதை. அம்மா பீடி சுற்றினாள். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் அதைத்தான் செய்தார்கள். ஏஜென்ட் ஒருவர் இலையும் தூளும் அளந்து கொடுப்பார், சுற்றிக் கட்டுக் கட்டாகக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், கட்டுக்கு இருபத்தைந்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலை பத்தாமல் போனால் சொந்தக் காசில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அவர் ஒவ்வொரு கட்டையும் விரலால் தட்டிப் பார்த்து, இது சரியாக மடங்கவில்லை, இது லூசு என்று இரண்டு மூன்றைக் கழிப்பார். கழித்ததற்குக் கூலி இல்லை, கழித்ததைத் திருப்பியும் தர மாட்டார். நாற்பது கட்டில் கட்டுக்கு இரண்டு என்றால் எண்பது பீடி. ஒருநாளும் அவர் குரலை உயர்த்தியதில்லை. "இன்னா தம்பி, எத்தினியாவது படிக்கிற?" என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு மிட்டாய் கொடுப்பார். திரும்பி வரும்போது அம்மா சொல்வாள்: "நல்ல மனுசன், மேல இருக்கிறவங்க கேக்கறாங்க, அவரு இன்னா பண்ணுவாரு."

பெரியவனாகி இதைக் கதையாக எழுதினேன். முதல் தடவை நான் செய்ததும் நீங்கள் செய்த தப்பைத்தான். ஏஜென்டைக் கத்த வைத்தேன், ஒரு பெண்ணின் மேல் கை ஓங்க வைத்தேன், பெரிய மோதிரமும் போட்டுவிட்டேன். கதையை நாலைந்து பேரிடம் வாசித்துக் காட்டினேன், 'பாவம் அந்தப் பொம்பளைங்க' என்றார்கள், அவ்வளவுதான். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன். நேரில் பார்க்காத ஒரே ஒரு வரியைத்தான் சேர்த்தேன்: எல்லாரும் போன பிறகு, கழித்துப் போட்ட குவியலிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்ற வைத்து, சாய்ந்து உட்கார்ந்து, நிம்மதியாகப் புகையை விடுகிறார். இந்தத் தடவை வாசித்தபோது ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் "அந்தப் பீடிக்காரன்" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.

அந்த வரி ஏன் வேலை செய்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். அந்தப் பீடி நல்ல பீடி என்று அவருக்குத் தெரியும், அது இப்போது நமக்கும் தெரிந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியவில்லை, அவள் இன்னும் 'நல்ல மனுசன்' என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். தெருவில் இறங்கி ஓடிப் போய் அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருக்கும், ஆனால் வாசகரால் முடியாது. கையாலாகாமல் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த நிலைதான் முற்றி வெறுப்பாகிறது. அதனால் வில்லனைப் பற்றிய ஒரு உண்மையையாவது பாதிக்கப்பட்டவருக்கு முன்னால் வாசகருக்குத் தெரிய விடுங்கள், தெரிந்த பிறகு நாலு அத்தியாயம் காக்க வையுங்கள்.

மரியாதையாகப் பேசுகிறவன் மேல் வருகிற வெறுப்பு நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்ல ஆணை போட்டது பாண்டியன், ஆனால் அவனை யார் வெறுக்கிறார்கள்? தப்பு தெரிந்ததும் அரியணையிலேயே விழுந்து உயிரை விட்டுவிட்டான், நம் கோபமும் அதோடு அடங்கிவிட்டது. அடங்காதது அந்தப் பொற்கொல்லன் மேல். அரசியின் சிலம்பைத் தானே திருடி வைத்துக்கொண்டு, விற்க வந்தவனிடம் 'இது கோப்பெருந்தேவிக்கே தகுந்தது' என்று புகழ்ந்து பேசி, தன் குடிசைக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, நேராக அரண்மனைக்குப் போனான். கோவலன் அவனை நம்பிக் காத்திருந்தான். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள், வருத்தப்பட்டவனை வாசகர் மன்னித்துவிடுவார். உங்கள் வில்லன் பதினோராவது அத்தியாயத்தில் அம்மா படத்துக்கு முன்னால் அழுகிறானே, அதை எடுத்துவிடுங்கள். சின்ன வயதுக் கஷ்டத்தைக் காட்டக் கூடாது என்று சொல்லவில்லை, நீங்கள் தேடுவது இரக்கம் என்றால் அது நல்ல காட்சி. இப்போது தேடுவது வெறுப்பு. இரண்டையும் ஒரே பானையில் வேக வைத்தால் இரண்டும் வேகாது.

அவன் தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்ள வேண்டும், இது எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அதற்குப் பெரிய தத்துவமெல்லாம் வேண்டாம், 'நான் இல்லேன்னா இவங்களுக்கு யாரு?' என்கிற ஒரு வாக்கியம் போதும்.

நேரில் வராத வில்லனும் உண்டு. நம் வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1805-06-இல் மதராஸ் படைத் தளபதி ஜான் கிரடாக் புது உத்தரவுகள் போடுகிறார்: சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடி எடுக்க வேண்டும், புது மாதிரித் தலைப்பாகை வைக்க வேண்டும், அதில் தோல் குஞ்சம். 1806 ஜூலை 10 விடியற்காலை அந்தக் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன, திப்புவின் குடும்பம் உள்ளேதான் இருந்தது, ஆனால் சிப்பாய் தினமும் காலையில் தலையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது அந்தத் தோலைத்தான். உத்தரவு போட்டவருக்கு அது உடுப்பு விஷயம், வைத்துக்கொள்கிறவனுக்கு அப்பன் பாட்டன் முகத்தில் விழிக்க முடியாத விஷயம். ஒரு ஆபீசையோ கம்பெனியையோ நீங்கள் வில்லனாக்க நினைத்தால் இப்படி உடம்பில் ஒட்டுகிற ஒரு பொருளைக் கண்டுபிடியுங்கள். இல்லாவிட்டால் கட்டுரை மாதிரி ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வெறுப்பு வரவைக்க அவனுக்குக் கோணல் கால், மாறு கண், கறுத்த நிறம், அவன் சாதி தெரிகிற மாதிரி ஒரு பேச்சு என்று எதையும் ஒட்டாதீர்கள். கூனியின் முதுகைக் காட்டிக் காட்டியே கதை சொல்லி, தெருவில் முதுகு வளைந்து நடக்கிற பெண்களை எவ்வளவு காலம் நோகடித்திருக்கிறோம்! அது ஏற்கெனவே ஊரில் இருக்கிற வெறுப்பைக் கடன் வாங்குவது. நீங்கள் உண்டாக்கிய வெறுப்பு அவன் செய்கையிலிருந்து மட்டும் வர வேண்டும்.

தண்டனையை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது செய்த இடத்திலேயே விழ வேண்டும். துரியோதனன் தட்டிக் காட்டிய தொடையில்தான் பீமன் அடி விழுகிறது. உங்கள் மணல்காரன் கடைசியில் போலீஸ் துப்பாக்கியால் சாகிறான், அதற்கும் அவன் அள்ளிய மணலுக்கும் என்ன சம்பந்தம்?

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். கொலைகளில் மூன்றை எடுத்துவிடுங்கள். தாசில்தார் வேண்டுமானால் இருக்கட்டும், ஆனால் முதல் ஐம்பது பக்கத்தை பாலாற்றங்கரையில் ஒரு வயசான அம்மாவுக்குக் கொடுங்கள். அவள் வீட்டுக் கிணறு, அவள் புருஷன் தோண்டியது, எந்தக் கோடையிலும் வற்றாதது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் குளிக்க வருவார்கள், அவள் திட்டிக்கொண்டே எண்ணெய் தேய்த்துவிடுவாள். ஆற்றில் மணல் போகப் போக நிலத்தடி நீர் இறங்கும். கயிற்றுக்கு ஒரு முழம் கூடுதலாகக் கட்டுகிறாள், அடுத்த மாதம் இன்னொரு முழம், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதீர்கள். ஒருநாள் வாளி அடியில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. ஆற்றை அள்ளியவன் யார் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

அப்புறம் ஒருநாள் அந்தத் தெருவுக்குள் ஒரு தண்ணீர் டேங்கர் லாரி வருகிறது, பக்கவாட்டில் அவன் பெயரைப் பெரிதாக எழுதி, இலவசம் என்றும் போட்டு. அவனே இறங்கி வருகிறான், வெள்ளை வேட்டி இருக்கட்டும், பஞ்ச் வசனம் வேண்டாம். குடத்தை அவனே பிடித்துத் தூக்கி அவள் இடுப்பில் வைக்கிறான். "இன்னாம்மா, கெணத்துல தண்ணி இல்லியா? நான் இல்ல?" என்கிறான். அவள் கண்ணில் நீர் வருகிறது. உள்ளே ஓடிப் போய், அந்தத் தண்ணீரிலேயே அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொண்டு வருகிறாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மீதியை அந்த வற்றிய கிணற்றுக்குள் ஊற்றுகிறான்.